கையக்காவின் பிடி

ஃபிளாஸ்கில் கொண்டுவரும் வெந்நீரை அவர் குடிப்பதில்லை. மூடியில் ஊற்றி, அந்த மூடியை வலது உள்ளங்கைக்குள் வைத்து மெல்ல உருட்டிக்கொண்டிருப்பார். சூடு ஆறியதும் ஜன்னல் வழியாகக் கீழே இருக்கும் செடிக்கு ஊற்றிவிட்டு, மறுபடி நிரப்பிக்கொள்வார். பிறகு ஐந்து விரல்களையும் அகல விரித்து, ஒவ்வொன்றாக மடக்கி, எல்லாரும் வந்தாயிற்றா என்று ஆள் எண்ணுவதுபோல ஒருமுறை பார்த்துக்கொள்வார். தேர்வு தொடங்க இன்னும் நேரம் இருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் தேர்வர் உதட்டை அசைத்துப் பாடத்தை ஓட்டிக்கொண்டிருப்பார். பரீட்சைக் கவலை முகத்தில் எழுதி ஒட்டியிருப்பது என்னவோ இவருக்குத்தான்.

கண் தெரியாதவர்களுக்கும் கை முறிந்தவர்களுக்கும் பரீட்சை எழுதிக் கொடுப்பவர் இவர். அவர்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். சொன்னதை மட்டும், சொன்னபடியே. தப்பாகச் சொன்னால் தப்பாகத்தான் எழுத வேண்டும். வருகிறவர்கள் "இவங்கதான் என் கை" என்று என்னிடம் அறிமுகம் செய்துவைப்பார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே எங்கள் கல்லூரி முழுக்க அவர் கையக்கா ஆகிவிட்டார்.

நான் அந்தக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். தேர்வுக் காலத்தில் மேற்பார்வை. மற்ற அறைகளுக்குப் போகிற ஆசிரியர்கள் கொடுத்துவைத்தவர்கள், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கலாம். தனி அறையில் அது நடக்காது. ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பார், ஒருவர் மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டிருப்பார். அதனால் அந்த அறையை ஆளாளுக்குத் தட்டிக்கழித்து, கடைசியில் என் தலையில் கட்டிவிடுவார்கள். சொன்னதற்கு மேல் ஒரு எழுத்துகூட கையக்கா எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அவர் எழுதமாட்டார் என்பது முதல் நாளே தெரிந்துபோனதால், வேறு வேலையில்லாமல் அவரையே வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன்.

முத்து முத்தான கையெழுத்து. ஆனால் அந்த முத்துகளைக் கோக்கிற கை படுகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. பேனாவை எழுதுவதற்காகப் பிடித்திருக்கிறாரா, ஓடிப்போய்விடாமல் இருப்பதற்காகப் பிடித்திருக்கிறாரா என்று சந்தேகம் வரும். கட்டைவிரல் நகம் வெளுத்துப் போயிருக்கும். பாதி நேரம் தாண்டினால் அந்தக் கட்டைவிரல் தானாக உள்ளங்கைக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். கட்டிலுக்கடியில் புகுந்த பூனையை இழுப்பதுபோல இடது கையால் அதை வெளியே இழுத்துவிட்டு, இரண்டு முறை உதறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவார். இதெல்லாம் மேசைக்கு அடியில் நடக்கும்.

பார்வையில்லாதவர் முன்னால் எதற்கு இந்த ஒளிவுமறைவு என்று ஒருநாள் கேட்டேன்.

"சத்தம் கேக்குமே சார்! எனக்கு வலிக்குதுன்னு தெரிஞ்சா மெதுவாச் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. மெதுவாச் சொன்னா நேரம் பத்தாது. வருஷம் பூரா படிச்சவங்க மார்க்கு என் கட்டைவிரலால போகணுமா?" என்றார். அதற்கு மேல் பேச்சுக்கு இடமில்லை என்பதுபோல ஃபிளாஸ்கை மூடினார்.

பரீட்சை இல்லாத நாட்களில் அவரைக் கணவரின் தையல் கடையில் பார்க்கலாம். கடை எங்கள் தெருவின் திருப்பத்தில் இருக்கிறது. ஒரு மெஷின், ஒரு வெட்டுமேசை, வாடிக்கையாளர்கள் உட்கார ஒரு பெஞ்சு. டெய்லர் டேப்பைப் போட்டு அளவு சொல்வார், இவர் எழுதுவார், பொத்தான் தைப்பார், கொக்கி வைப்பார். பரீட்சைக்குப் போக ஆரம்பித்ததும் இந்தக் கடையிலிருந்துதான். துணி வாங்க வந்த பார்வையில்லாத கல்லூரிப் பெண் ஒருத்தி, மறுநாள் எழுதித் தர ஆள் வராது என்று அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். "அழாதம்மா, எழுதத்தானே வேணும், நான் வரேன்" என்று போனவர்தான்.

எழுதிக் கொடுக்கும் வேலை அவரிடம் சில பழக்கங்களை விட்டுவைத்திருக்கிறது. யார் பேசினாலும் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை "ம்" சொல்வார். எதிராளி நிறுத்தினால் "ம், அடுத்து?" என்பார். டெய்லர் கோபமாகக் கத்தும்போதும் அதேதான். "கத்திக்கிட்டே இருக்கேன், இவ ம், அடுத்துங்கிறா. அடுத்து என்னன்னு எனக்கே மறந்துபோகுது சார். சண்டை போடக்கூட வக்கில்லாமப் பண்ணிட்டா" என்று டெய்லர் என்னிடம் குறைபட்டுக்கொண்டிருக்கிறார். அதோடு, எதைப் பற்றியும் கையக்கா கருத்துச் சொல்வதில்லை. இந்தச் சட்டை எனக்கு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், "நீங்க சொல்லுங்க" என்பார். சரி தப்பு சொல்லாமல் வாயைக் கட்டி வளர்த்துவிட்டார். வாய் அடங்கிவிட்டது. அடங்காத ஒன்று இருந்ததைத்தான் பிற்பாடு கண்டுபிடித்தோம்.

அதற்கு முன்னால் புகார் என்கிற மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசியை எடுத்துப் பேசுகிறவர். குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் நாற்றம் வருகிறது என்று ஊரே அவரைத்தான் திட்டும். அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் புகார், அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லிக்கொள்வார். நாற்பதைத் தாண்டியவர், பிறவியிலேயே பார்வை கிடையாது, பேச்சு அடைமழை. விழுகிற திட்டை வாங்கிக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்துப் பழகியதால் வந்த வேகம். மேற்பார்வையாளர் பதவிக்கு ஒரு தேர்வு இருக்கிறது. அலுவலக விதிமுறைகளைப் பற்றி இரண்டு தாள்கள், எங்கள் கல்லூரியில்தான் நடத்துவார்கள். மூன்று முறை எழுதி மூன்றிலும் மயிரிழையில் தவறிவிட்டார். நான்காவது முறைதான் கடைசி. அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள். தேறாவிட்டால் ஓய்வு பெறும்வரை அந்தத் தொலைபேசியும் அந்தத் திட்டும்தான்.

மூன்று முறையும் கையக்காதான் அவருக்கு எழுதினார். புகாரின் வேகத்துக்கு வேறு யாரும் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரே பாடத்தை இத்தனை தரம் எழுதினால் சுவருக்குக்கூட மனப்பாடம் ஆகிவிடும், கையக்காவுக்கு ஆகாதா? "நானும் மூணு தடவை ஃபெயிலாயிட்டேன் சார்" என்று என்னிடம் பரிதாபமாகச் சொன்னார். புகார் எந்தக் கேள்வியில் எந்தக் குழியில் விழுவார் என்பது அவருக்கு அத்துப்படி.

இந்த வருடம் முதல் தாள் அன்று கையக்காவின் கட்டைவிரல் வழக்கத்தைவிடச் சீக்கிரமே சுருண்டுகொண்டது. இழுத்துவிட்டார், மறுபடி சுருண்டது. மேசைக்கு அடியில் கையை உதறிக்கொண்டிருந்தபோது புகார் சட்டென்று பேச்சை நிறுத்தினார். "ஒரு நிமிஷம் அக்கா, தண்ணி குடிச்சிக்கிறேன். தொண்டை வறண்டுபோச்சு." பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, நிதானமாகக் குடித்தார். கையக்காவுக்குக் கையைப் பிடித்துவிட நேரம் கிடைத்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொண்டை வறண்டது. அப்புறம் மறுபடியும். இப்படிக் குடிக்கிற மனிதர் ஒருமுறைகூட வெளியே போய்வரக் கேட்கவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தேர்வு முடிந்து பொருட்களை எடுத்துக் கொடுக்கும்போது கையக்கா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். கனத்தது.

"என்ன தம்பி, இவ்ளோ குடிச்சீங்க, வழிய வழிய அப்படியே இருக்கு?"

"எங்க ஆபீஸ் தண்ணிக்கா. கண்ணுக்குத் தெரியும், வாய்க்கு வராது."

கையக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபிளாஸ்கைப் பைக்குள் வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். இத்தனை வருடம் இவர் மறைத்தது புகாருக்குத் தெரிந்திருக்கிறது, தன் நேரத்தை எடுத்து இவர் கைக்குக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த நாளே டெய்லர் கடையைப் பூட்டிவிட்டு கையக்காவைப் பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனார். அந்த அம்மா ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டு, எழுத்தைப் பார்க்காமல் கையையே பார்த்திருக்கிறார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவிக் காட்டியிருக்கிறார். வரிவரியாகப் புடைத்திருந்தது. "நீங்க எழுதலை, செதுக்குறீங்க" என்றாராம். குண்டுப் பேனா வாங்கச் சொன்னார். மணிக்கட்டை மட்டும் ஆட்டாமல் தோளிலிருந்து கையை நகர்த்தச் சொன்னார். வலித்த பிறகு நிறுத்தாமல், வலிக்கும் முன்னாலேயே பக்கத்துக்கு ஒருமுறை விரல்களை விரித்து ஓய்வு கொடுக்கச் சொன்னார். நகம் வெளுத்தால் பிடி அதிகம் என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: "எழுதிக்கிட்டிருக்கும்போது யாராவது பேனாவைப் பிடுங்கினா, உடனே வந்துடணும். அவ்ளோ லூசாப் பிடிங்க."

டெய்லருக்கு இதைவிட என்ன வேண்டும்? முதலில் பேனாவுக்கு டேப் வைத்து அளவெடுத்து, வெட்டுத்துணியில் பஞ்சு வைத்து ஒரு உறை தைத்தார். அதற்குச் சட்டை என்று பெயர். கழுத்தில் சின்னதாக ஒரு பொத்தான்கூட வைத்திருந்தார், அது கையில் உறுத்துகிறது என்று கையக்கா அறுத்துப்போட்டார். அப்புறம் பிடுங்குகிற வேலை. மனைவி எதை எழுதினாலும் பின்னால் பூனைபோல வந்து பேனாவை இழுப்பார். மளிகைச் சாமான் எழுதும்போது இழுத்தால் வந்துவிடும். முகவரி எழுதும்போதும் வந்துவிடும். டெய்லருக்கு ஒரே பெருமை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் செய்து காட்டினார்.

எனக்குக் கால்சட்டை தைக்க வேண்டியிருந்தது. நான் போனபோது புகார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், இரண்டாம் தாளுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று பேச வந்திருக்கிறார். டெய்லர் என் இடுப்பில் டேப்பைச் சுற்றினார். அவர் நாகரிகம் தெரிந்தவர். டேப் காட்டியது ஒன்று, என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒன்று.

"இடுப்பு முப்பத்தி நாலு."

சொன்ன கையோடு எட்டிப் பேனாவைப் பிடுங்கினார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கையக்காவே நாற்காலியோடு இரண்டு அங்குலம் நகர்ந்துவந்தார், பேனா வரவில்லை. நகம் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"என்ன இது? காலையில கூட வந்துச்சே!" என்றார் டெய்லர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, கை நீளம் இருபத்தி மூணு" என்று உண்மையைச் சொல்லி இழுத்தார். வந்துவிட்டது. மறுபடி என் இடுப்புக்குப் போனார். வரவில்லை. டெய்லர் மனைவியையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அடிப்பாவி. சரியாச் சொன்னா விடுற, தப்பாச் சொன்னா பிடிச்சுக்கிற!"

என் இடுப்பின் உண்மை இப்படி நடுக்கடையில் வெளியானதை நான் பெருந்தன்மையாகச் சிரித்துச் சமாளித்தேன். புகாரும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எனக்கு முன்னாடியே தெரியும் அக்கா" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீங்க அழுத்தினா பேனா சத்தம் மாறுது. மேசையே லேசாக் கிர்ருங்குது. முதல் பேப்பர்ல பழைய கோப்புகளை எத்தனை வருஷம் வைக்கணும்னு கேட்டிருந்தானே, நான் அஞ்சுன்னேன். கிர்ருனுச்சு. உடனே தெரிஞ்சுபோச்சு, அஞ்சு இல்லேன்னா ஏழுதான்னு."

கையக்காவின் முகம் சுண்டிப்போனது. "நான் ஒரு வார்த்தை பேசினதில்லையே தம்பி. இத்தனை வருஷத்துல யார்கிட்டயும் ஒரு வார்த்தை..."

"நீங்க பேசலக்கா. கை பேசிடுச்சு."

"சரி, அப்ப மாத்தி ஏழுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார் டெய்லர். வெட்டுகிறவர், எதையும் நேராகத்தான் பார்ப்பார்.

"எப்படிச் சொல்றது? அது எனக்குத் தெரிஞ்சதில்லையே, அக்காவுக்குத் தெரிஞ்சது. அஞ்சுன்னே விட்டுட்டேன். இப்ப நெனச்சாலும் வயிறெரியுது." புகார் முழங்காலில் இருந்த தன் கைத்தடியைத் தடவிக்கொண்டார். "ஆனா அக்கா, மறைக்காமச் சொல்றேன். நான் ஒண்ணும் முற்றும் துறந்தவன் இல்ல. இது கடைசித் தடவை. நாளன்னைக்கு மறுபடி கிர்ருனுச்சுன்னா, மாத்தாம இருப்பேனான்னு எனக்கே தெரியாது. மாத்திப் பாஸ் பண்ணிட்டா, காலம் பூரா அந்த நாற்காலியில எப்படி உக்கார்றது? அதனால, கை லூசா இருந்தா நீங்க எழுதுங்க. இல்லேன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"வேற ஆள் உங்க வேகத்துக்கு வருவாங்களா?"

"மாட்டாங்க."

ஓட்டுவதற்குத் துணி ஒன்றும் இல்லாமலே டெய்லர் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். கையக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இத்தனை நாள் கூடவே இருந்து கோள் சொன்ன ஆளைப் பார்ப்பதுபோல. என் இடுப்பு அளவு அன்றைக்கு எழுதப்படவே இல்லை.

தேர்வு விதிப் புத்தகத்தை வீட்டில் புரட்டிப் பார்த்தேன். எழுதுகிறவர் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, தொடக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. அழுத்தக் கூடாது என்று எங்கும் இல்லை. அந்த அறையில் இத்தனை வருடம் காது கொடுத்து உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கிர் ஒருநாளும் கேட்டதில்லை.

இருந்த இரண்டு நாளில் டெய்லர் கடையை ஒரு பொய்ப் பட்டறையாக மாற்றிவிட்டார். வெட்டுமேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொல்ல, கையக்கா லேசான பிடியில் எழுதிக்கொண்டே இருப்பார். "சூரியன் மேற்கே உதிக்கும்." இழுப்பார். முதலில் வரவில்லை, போகப்போக வந்தது. "மீன் மரத்தில் கூடு கட்டும்." வந்தது. மறுநாள் சாயங்காலம் நான் எட்டிப் பார்த்தபோது நல்ல தேர்ச்சி தெரிந்தது. டெய்லருக்கு மெத்தனம் வந்துவிட்டது. "என் வீட்டுக்காரர் சொன்ன தேதிக்குத் துணி தைத்துக் கொடுத்துவிடுவார்" என்றார். பேனா முனை உடைந்துபோனது.

"அது மட்டும் முடியாதுங்க" என்றார் கையக்கா. அவர் கருத்துச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

இரண்டாம் தாளன்று ஃபிளாஸ்க் வந்தது, புதுப் பேனா அதே சட்டையோடு வந்தது. புகார் வழக்கம்போல அடைமழையாகத் தொடங்கினார். கையக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மேசைமேல் நன்றாகக் கிடத்தி, தோளிலிருந்து கையை நகர்த்தி எழுதினார். பக்கம் முடிந்ததும், வலிக்காவிட்டாலும், பேனாவை வைத்துவிட்டு விரல்களை விரித்தார். மேசைக்கு அடியில் இல்லை, மேசைமேலேயே. "ஒரு நிமிஷம் தம்பி, கைக்கு" என்று வாய்விட்டுக் கேட்டார். "தாராளமாக்கா" என்றார் அவர். அன்றைக்கு யாருக்கும் தொண்டை வறளவில்லை, கட்டைவிரலும் சுருளவில்லை.

கடைசிக் கேள்வி வந்தது. ஊழியர் மேல் விசாரணைக்கு உத்தரவிடும் அதிகாரம் யாருக்கு, ஏன் என்று விளக்க வேண்டும். நிறைய மதிப்பெண் உள்ள கேள்வி. புகார் மோவாயைத் தடவினார்.

"கிளை மேலாளருக்கு" என்றார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டார்.

கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் கேட்டேன். பேனா தாளில் வழுக்கிக்கொண்டு போகிற சத்தம் மட்டும்தான், அதற்கு முந்தைய வரியில் எப்படியிருந்ததோ அப்படியே. நகத்தைப் பார்த்தேன், இளஞ்சிவப்பாக இருந்தது. அப்பாடா, சரியான பதில்போலிருக்கிறது என்று மூச்சுவிட்டவன், எதற்கோ குனிந்தபோது மேசைக்கு அடியில் கையக்காவின் கால்களைப் பார்த்தேன். பத்து விரல்களும் செருப்பைக் கவ்விக்கொண்டிருந்தன. கணுக்கால் நரம்பு புடைத்திருந்தது. கையிலிருந்து துரத்தியது அங்கே போய் ஒதுங்கியிருந்தது. பதில் தப்பு. எனக்குத் தெரிந்துவிட்டது, கையக்காவுக்குத் தெரியும், சொல்கிறவருக்கு மட்டும் தெரியாது. எழுந்துபோய், தப்பு என்று புகாரின் காதில் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. பக்கத்தில் நின்று பார்க்கிற எனக்கே இப்படியென்றால், மூன்று முறை அவரோடு தோற்றவருக்கு எப்படி இருந்திருக்கும்!

"ம்" என்றார் கையக்கா. எப்போதும் சொல்கிற அதே "ம்". "அடுத்து?"

புகார் இன்னும் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்தே வைத்திருந்தார். பிறகு தலை நிமிர்ந்தது. "கிளை மேலாளருக்கே" என்று உறுதியாகச் சொல்லி, காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். எல்லாவற்றையும் கையக்கா எழுதினார், முத்து முத்தாக.

"முற்றுப்புள்ளி" என்றார் புகார்.

கையக்கா புள்ளியை வைத்தார், பேனா முனை இன்னும் தாளைவிட்டு எழும்பவில்லை. புகாரின் கை மேசைமேல் ஊர்ந்து வந்தது. தாளின் விளிம்பைத் தொட்டது, அதைத் தாண்டிப் பேனாவின் பஞ்சுச் சட்டையைத் தொட்டது. சொல்லாமல் கொள்ளாமல் சட்டென்று இழுத்தார். பேனா அவர் கையோடு வந்துவிட்டது.